பகா எண் அல்ல, பகு எண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் 4,29,49,67,297 என்ற எண் ‘2-ஐ வைத்துச் செய்த சோதனையில் தேறியதால் பகா எண் என உறுதியாகிறது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது பகு எண்; 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எண்களாலும் மீதியின்றி வகுபடும். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள். கணித மேதை ஆய்லர் 1732-லேயே உடைத்துக் காட்டிய எண் அது.

இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா சொன்னார் என்கிறது கட்டுரை. 1640-இல் சொன்னார்தான். 2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 என அடுக்கை இரட்டித்து வரும் 3, 5, 17, 257, 65,537 ஐந்தும் பகா எண்களாக அமைந்ததால் அடுத்ததான 2³²+1-உம் அப்படியே என்று நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் அப்போதே எழுதினார். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

2-ஐ, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. அது இந்த எண்ணிடம் செல்லாது. எண் 2³²+1 என்பதால், 2³²-ஐ அதனால் வகுத்தால் மீதி −1 (மீதியின்றி வகுபட 1 குறைகிறது). வர்க்கித்தால் 2⁶⁴-க்கு மீதி 1. அடுக்கு 64-இன் மடங்காக இருந்தாலே மீதி 1தான். சோதனைக்கு எடுக்கும் அடுக்கு 4,29,49,67,296; அது 64-இன் மடங்கு. பகா எண்ணோ பகு எண்ணோ, 1 வந்தே தீரும். 3-ஐ வைத்திருந்தால் 1 வந்திராது.

வகுத்துப் பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. இதன் பகா வகுத்திகள் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் அமையும். அந்த வரிசையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி பூஜ்யம். வகுக்காமலும் காட்டலாம்: 641 = 5×2⁷+1 என்பதால் 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-க்கு மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸-க்கு மீதி 1. 641 = 5⁴+2⁴ என்றும் எழுதலாம்; ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். −2³²-க்கு மீதி 1 என்று வருகிறது. 2³²+1-க்கு மீதி 0.

இன்னொரு பிழை. கட்டுரையில் ஓரிடத்தில் அடுக்கு கீழே இறங்கி ‘232+1’ என்று விழுந்திருக்கிறது. 233 பகா எண்தான்! போட்டுப் பார்க்கும் பிள்ளை கட்டுரை சரியென்றே நம்பிவிடும். இப்படிப் பிழை விடுவது உங்கள் பக்கத்தில் புதிதல்ல. நம் வள்ளுவர் சிலையின் உயரமான 133-ஐயும் முன்பு பகா எண் என்றீர்கள். 7×19 என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினேன். திருத்தம் வரவில்லை, பதிலும் இல்லை. தக்கலையிலும் குலசேகரத்திலும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அச்சில் வந்ததை அவர்கள் சந்தேகப்படுவதில்லை, ஐயா.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், ‘641 × 67,00,417’ என்று ஒரு வரி போடுங்கள். அடுக்குகள் மேலே நிற்கின்றனவா என்று அச்சுக்குப் போகும் முன் ஒருவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.