கைரேகை வைக்கப் பாறை ஏறுகிறோம்

ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்களுடையது கிழக்குத் தொடர்ச்சி மலையில் எண்பது வீடு உள்ள ஊர். செல்போன் சிக்னல் கேட்டு மனு எழுதி எழுதி எங்கள் கையெழுத்தே தேறிவிட்டது. அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் ரேஷன் நாள். கடையில் சிக்னல் கிடையாது. கடைக்காரர் கைரேகை மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோயில் பாறைக்கு ஏறுவார், பின்னாலேயே ஊரும் ஏறும். பாறையின் கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். விரல் வைத்து, பதிவானதும் கீழே இறங்கி அரிசி வாங்கவேண்டும். என் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாமை அறுத்தே ரேகை தேய்ந்த விரல். முதல் தடவை மெஷின் ஏற்கவில்லை. இரண்டாவது தடவை சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் மழை பிடித்தது, இருந்த ஒரு கோடும் போயிற்று. "நாளைக்கு வா ஆயா" என்றார் கடைக்காரர். அவர்தான் என்ன செய்வார்? இறங்கும்போது ஈரப்பாறையில் சறுக்கி, பெரியம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மெஷின் எப்போதாவது ஏற்கிற விரல் அந்தக் கையில்தான் இருக்கிறது. "அடுத்த மாசம் எதை வைக்கிறது?" என்று கேட்கிறார். பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். செல்போன் சேவைக்காக அரசின் ஏலத்தில் அலைக்கற்றை வாங்கும் தனியார் கம்பெனி மலைக் குடியிருப்புக்கும் சேவை தரவேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள்.

நிபந்தனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மாவட்டத் தலைநகருக்கு. அங்கே நகராட்சி எல்லைக்குள் 90 சதவீதப் பரப்பில் சிக்னல் கிடைக்கவேண்டுமாம். பிறகு வந்த ஏலங்களில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் வரை இறங்கி வந்தீர்கள். அதோடு சரி. மற்ற ஊர்களுக்காகக் கம்பெனிகள் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்டுகின்றன. 2002இல் தொடங்கிய அந்த நிதிக்கு 2023 சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயரும் வைத்தாயிற்று. பணத்தைக் கட்டியவர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் 2022இல் திட்டம் போட்டீர்கள். வேலை யாருக்குப் போனது? பிஎஸ்என்எல்லுக்கு. லாபம் வரும் ஊர் தனியாருக்கு, வராத ஊர் அரசுக் கம்பெனிக்கு. பாகப்பிரிவினை நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு தனியார் கம்பெனியின் கவரேஜ் வரைபடத்தில் எங்கள் ஊர் முழுக்கப் பச்சை. அந்த வரைபடத்துக்குள் குடியேற எந்த அலுவலகத்தில் மனு கொடுக்கவேண்டும்? ஒரேயொரு கடிதம் என்றாலும் தபால்காரர் மலையேறி வருகிறார். அவரிடம் யாரும் லாபக்கணக்கு கேட்பதில்லை. நூறு நாள் வேலைக்கு ஆப்பில் போட்டோ, பென்ஷனுக்குக் கைரேகை, எல்லாவற்றுக்கும் ஓடிபி என்று கட்டாயங்கள் எல்லாம் எங்கள் தலையில். கம்பெனிக்கு மட்டும் விருப்பப்பாடம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த அலைக்கற்றை ஏல அறிவிக்கையில் மலைக் குடியிருப்புகளையும் சேருங்கள், கெடுவும் தண்டத்தொகையும் போட்டு. அதற்கு முன்னால், ரேஷன் நாளில் உங்கள் அலுவலர் ஒருவரை எங்கள் பாறைக்கு அனுப்புங்கள். வருவதாக இருந்தால் கடிதம் போடுங்கள். போன் கிடைக்காது.

இப்படிக்கு,
மலையூர்க்காரன் ஒருவன்