இடது கைப் பிடி

இண்டியானாபோலிஸ்,
24.8.2025

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார்கள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. மே மாதக் கடைசியில் டிரம் கோருக்குப் போனவள், முகமும் கழுத்தும் கறுத்து, உள்ளங்கை காய்த்துப்போய், கூலிங்கிளாஸ் போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்து வந்து நின்றாள். அவள் அம்மா வாசலிலேயே அழுதுவிட்டாள். அவளோ இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் அனுப்பிய டிரம் கோர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது பேண்டா, நாடகமாடா? தொப்பி இல்லை, வரிசை இல்லை, ஒரு பையன் தரையில் உருளுகிறான், ஸ்பீக்கரில் யாரோ பேசுகிறார்கள். நம் பேண்டு மாஸ்டர் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்" என்று எழுதியிருந்தாய். இந்த ஊர்க்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டு ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோடை முழுக்க எனக்கும் இதே யோசனைதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

டிரம் கோர் என்பது பள்ளிக்கூட பேண்டு மாதிரி இல்லை. பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடி சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். கிளாரினெட், புல்லாங்குழல் இன்றுவரை கிடையாது. ஒரு கோரில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, பகலெல்லாம் பயிற்சி எடுத்து, இரவில் ஒரு மைதானத்தில் பதினோரு பன்னிரண்டு நிமிடம் ஆடிக் காட்டுகிறார்கள். ஆகஸ்டில் இங்கே லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. இருபத்தியோரு, இருபத்திரண்டு வயதோடு எல்லாம் முடிந்துவிடும், அதற்கு மேல் இளைஞர் கோரில் இடமில்லை.

இதன் ஆரம்பம் நம் என்.சி.சி. பேண்டு மாதிரிதான். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள், ராணுவத்தில் மிச்சமான பியூகிள் என்கிற ஊதுகொம்பையும் டிரம்மையும் வைத்துக்கொண்டு தொடங்கியது. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள், தேவாலயங்கள், சாரணர் படைகள் எல்லாம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஆளுக்கொரு கோர் வைத்தன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது. சிகாகோவில் அப்படி ஒரு கோரில் பத்து வயதிலிருந்து ஊதியவர். அவருடைய ஒற்றை வால்வு பியூகிள் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. போட்டிக்கு முன் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்து, பித்தளை பளபளக்கிறதா, ஷூ மின்னுகிறதா என்று வரிசை வரிசையாகப் பார்ப்பாராம். நீயும் நானும் ஜனவரி 25 ராத்திரி உட்கார்ந்து பெல்ட்டுக்குப் பிளாங்கோ பூசியதையும், பக்கிளுக்குப் பிராஸோ போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் காலத்தில் நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கி, வரிசைகளுக்கு நடுவே அட்டையோடு நடப்பார்கள். ஒரு கால் தப்பினால் ஒரு கோடு, 0.1 மதிப்பெண் போச்சு. தப்பு செய்யாதவன் ஜெயித்தான். புதிதாக எதையும் முயன்று பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது. சங்கங்களின் இந்தப் பிடி பிடிக்காமல் சில கோர்கள் பிரிந்து போய், 1971-இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உருவானது. மேடிசன் ஸ்கவுட்ஸ், சாந்தா கிளாரா வேன்கார்டு, ட்ரூப்பர்ஸ், கேவலியர்ஸ் எல்லாம் அதில் முன்னே நின்றவை. 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் முதல் போட்டி. அந்தக் கோடு போடுகிற முறை 1984-இல்தான் ஒரேயடியாக ஒழிந்தது.

இன்று "பழைய மரபு" என்று சொல்லிக் கொண்டாடுகிற கோர்கள் எல்லாம் அன்று கலகம் செய்தவை, மூர்த்தி. இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. 1983-இல் கார்ஃபீல்டு கேடட்ஸ் சமச்சீர் கோலத்தை உடைத்து, மைதானத்தில் வளைந்து நெளிந்து ஓடி ஜெயித்தார்கள். ஜார்ஜ் ஸிங்காலி என்பவர் வரைந்த நகர்வுகள் அவை. அதுவரை வலப்பக்கம் என்ன நடக்கிறதோ அதையே இடப்பக்கமும் கண்ணாடி மாதிரி காட்டுவதுதான் வழக்கம். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அதைத்தான் பொற்காலம் என்கிறார்கள். டிம்பனி என்கிற பெரிய பானை டிரம்மைக்கூட உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்த பிள்ளைகள், 1980களின் தொடக்கத்தில்தான் அதைத் தரையில் இறக்கி வைத்தார்கள். அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அந்தப் பிள்ளைகளின் முதுகை நினைத்தால் எனக்கு அந்த எதிர்ப்பு புரியவே மாட்டேன் என்கிறது.

இந்த மாநிலத்துக் கதை ஒன்று சொல்ல வேண்டும். இங்கிருந்து ஐம்பது மைல் தூரத்தில் ப்ளூமிங்டன். அங்கே 1984-இல் தொடங்கிய ஸ்டார் ஆஃப் இண்டியானா, ஏழே வருஷத்தில் சாம்பியன் ஆனது. 1993-இல் யாரும் எதிர்பாராத மாதிரி ஒரு நிகழ்ச்சியோடு வந்தார்கள். பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்களின் இசை, கறாரான கோணங்கள், கைதட்ட இடைவெளியே தராத ஒரு சோகக் கதை. பல ஊர்களில் கூட்டம் கூச்சல் போட்டு எதிர்த்தது. இறுதிப் போட்டியில் 0.1 மதிப்பெண்ணில் தோற்றார்கள். அதோடு போட்டியையே விட்டுவிட்டுப் போனார்கள். அதே ஆட்கள் பின்னால் 'பிளாஸ்ட்' என்று ஒரு மேடை நிகழ்ச்சி உருவாக்கி, நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை வரை போய் 2001-இல் டோனி என்ற நாடக விருது வாங்கினார்கள். இன்று கோர்கள் செய்கிற பலவற்றின் விதை அந்த 1993-இல்தான் இருக்கிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தக் கோடையில் கூச்சல் போட்டவர்களில் நானும் ஒருவன்" என்றார். "குழு நகர்ந்து நகர்ந்து எங்கள் பக்கத்து ஓரத்துக்கு வந்து நின்றது. முகங்கள் தெரிந்தன. இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள். நிகழ்ச்சியை வடிவமைத்தவன் மேல் இருந்த கோபத்தை அவர்கள் மேல் கொட்டியிருக்கிறேன்." முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் அவருக்கு அது ஆறவில்லை.

சரி, ஒலிபெருக்கி விஷயம். இதில் நான் உன் பக்கம்தான். 1999 வரை ஜி சுருதி பியூகிள் மட்டும்தான் அனுமதி. அதன் பிறகு எந்தச் சுருதியிலும் ஊதலாம் என்று மாற்றினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சாதாரணச் சுருதிக் கருவி என்றால் சீசன் முடிந்ததும் பள்ளிகளுக்கு விற்கலாம், கோரின் கஜானாவுக்கு நல்லது. ஆனால் 2004-இல் மைக் வந்தது, 2009-இல் சின்தஸைஸர் என்கிற மின்சார இசைக்கருவி வந்தது. எண்பது பேர் ஊதும் பித்தளைக்கு அடியில் அந்த மின்சாரக் குரல் உறுமும்போது, எது பிள்ளைகளின் மூச்சு, எது மின்சாரம் என்று என் காதுக்குப் பிரியவில்லை. ரசிகர்கள் அதற்கு 'கூ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பிசுபிசுப்பு என்று அர்த்தம். மகளிடம் சொன்னேன். "அப்பா, மரிம்பாவில் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற கருவி) மெதுவாக வாசிப்பது இப்போதுதான் மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிறது. முன்னே எல்லாம் கேட்பதற்காகவே அடித்து நொறுக்க வேண்டியிருந்ததாம்" என்றாள். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மரிம்பாவுக்கு மைக் வேண்டும். அந்த உறுமல் வேண்டாம். இதுதான் என் கட்சி.

தொப்பியைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. 2016-இல் ஒஹையோவின் புளூகோட்ஸ் தொப்பியே இல்லாமல், சரிவுப் பலகைகளில் ஏறி இறங்கி முதன்முதலாக ஜெயித்தது. அதற்குப் பிறகு பாதிக்கு மேல் தொப்பி போய்விட்டது. முகம் தெரிகிறது, நல்லதுதான். 1938-இலிருந்து ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த மேடிசன் ஸ்கவுட்ஸ், 2019-இல் எல்லோரையும் சேர்ப்பதாக அறிவித்தது. பெண்ணைப் பெற்றவன் நான், இதில் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

என் மனசை அரிப்பது வேறு. தொப்பி, மைக், சுருதி என்று இவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, தெரு கோர்கள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. ஒரு காலத்தில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரியவர் தெருவிலிருந்து மட்டும் பதினொரு பேர் அவருடைய கோரில் இருந்தார்களாம். வாரம் கால் டாலர் சந்தா, அதுவும் இல்லாதவனுக்குப் பாதிரியார் போட்டுவிடுவார். இன்று முதல் தரக் கோர்கள் இருபது சொச்சம்தான். நாடு முழுக்கத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். ஒரு கோடைக்குக் கட்டணம் ஐயாயிரம் டாலரை ஒட்டி வந்துவிடுகிறது, விமான டிக்கெட், ஷூ எல்லாம் தனி. இந்த வருஷம் ஜெயித்த பாஸ்டன் குருசேடர்ஸ் 1940-இல் ஒரு தேவாலயப் பங்கில் தொடங்கியது, எண்பத்தைந்து வருஷத்தில் முதல் பட்டம். பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். ஆனால் அந்தப் பங்கின் தெருப் பையன் இன்று அதில் நுழைய முடியுமா என்று தெரியவில்லை என்றார். கேடட்ஸும் ஒரு தேவாலயத்துப் பிள்ளைதான், 1934-இல் பிறந்தது. போன வருஷம் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

நம் பேண்டில் சைடு டிரம்மில் யார் கெட்டிக்காரன்? காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகன். டிரம் பள்ளிக்கூடத்துது, குச்சி பள்ளிக்கூடத்துது, பரேடு அன்று இட்லிப் பொட்டலமும் பள்ளிக்கூடத்துது. ஆயுதப்படை மைதானத்தில் அவன் ரோல் அடித்தபோது கலெக்டர் திரும்பிப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? மகள் கட்டணத்தில் பாதியை மளிகைக் கடையில் வேலை செய்து சேர்த்தாள், மீதியை நான் கொடுத்தேன். கொடுக்க முடிந்தது. பணம் கட்டும்போதெல்லாம் அவன் முகம்தான் வந்தது. இந்தச் சண்டையில் கத்த வேண்டியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், தரையில் உருளுகிற பையனுக்காக இல்லை.

போட்டி நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேடியத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு கோரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் சூடேற்றிக்கொள்ளும். ரசிகர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அங்கே மைக்கும் கிடையாது, சின்தஸைஸரும் கிடையாது. பெரியவர் பல வருஷமாகப் போட்டிக்கு வருவதையே விட்டிருந்தவர், என் மகளுக்காக வந்தார். மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தோம். பித்தளைக் குழு அரைவட்டமாக நின்று, மெதுவான ஒரு வழிபாட்டு மெட்டு மாதிரி ஒன்றை ஊதியது. பத்தடி தூரத்தில் கேட்டேன் மூர்த்தி, நெஞ்செலும்பு அதிர்ந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையின் ஒரே ஒரு விரலை மட்டும் மடியில் அழுத்தி அழுத்தி எடுத்தார். அவருடைய கருவிக்கு ஒரு வால்வுதானே.

அப்புறம் டிரம் வரிசை. மகள் மூன்றாவதாக நின்றாள். முந்தைய இரண்டு வருஷம் தேர்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள். முதல் பயிற்சி என்ன தெரியுமா? வலது கையில் எட்டு, இடது கையில் எட்டு. அடுத்தது ரோல், நாம் 'டாடி-மம்மி' என்று சொல்லிச் சொல்லி அடித்தோமே, அதேதான். அவளுடைய இடது கையைப் பார்த்தேன். உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் இடுக்கில் குச்சி, மோதிர விரல் மேல் அதன் பாரம். நம் பிடி! நாம் டிரம்மை வாரில் தோளுக்குக் குறுக்கே மாட்டினோம், அது இடுப்பில் சரிந்து தொங்கியது, அதனால் இடது கையை அப்படித் திருப்ப வேண்டியிருந்தது. இவளுடைய டிரம் மார்பில் மாட்டிய அலுமினியச் சட்டத்தில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிடிக்கு இப்போது ஒரு தேவையும் இல்லை. இரண்டு கையையும் ஒரே மாதிரி பிடித்தால் போதும். எல்லாவற்றையும் மாற்றிய இந்தப் பிள்ளைகள் இதை மட்டும் ஏன் விடவில்லை என்று அன்று ராத்திரி கேட்டேன். "தெரியலைப்பா. பக்கத்தில் நிற்பவன் இப்படித்தான் பிடிக்கிறான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் இப்படித்தான்" என்றாள்.

நானும் அப்படித்தான் பிடித்தேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. சுவர் ஓரமாக நாம் எட்டுப் பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் உன்னிடம்தான் இருக்கிறது. அம்மா பீரோவில் மேல் தட்டில் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாய். அவர்களைத் தேடச் சொல்லாதே, நீயே ஏறி எடு. ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால் போதும். என் இடது கை தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
ராஜு