ஞாயிறு தம்புன் குகை: வருகிறவர்கள் படித்துவிடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். காலை 7 மணிக்குக் கோயில் வாசலில் வேன் நிற்கும், சுங்கை சிப்புட்டில் பசியாறிவிட்டு நேராக ஈப்போ பக்கம் தம்புன்.

அங்கே சுண்ணாம்புக்கல் மலைச்சுவரில் இருக்கும் ஆதிகால ஓவியங்கள் இரும்புச் சத்துள்ள சிவப்புக் கல்லைப் பொடித்து வரைந்தவை. 1959-இல் கூர்க்கா படை அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டன. 600-க்கும் மேற்பட்ட உருவங்கள், மான், மனிதர், கடலே கண்ணில் படாத இடத்தில் ஒரு கடல்பசு கூட!

யாரும் தொட வேண்டாம், கை எண்ணெயும் வியர்வையும் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். படம் பளிச்சென்று வரும் என்று சுவரில் தண்ணீர் அடிக்கிற வேலையும் வேண்டாம், தண்ணீர் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து சாயத்தை உரித்துவிடும். சூடம், ஊதுபத்தி கொண்டுவராதீர்கள், கரி படியும் (சாமி கோபிக்காது). ஏற்கெனவே சுவரில் கிறுக்கியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும், அதையும் நீங்களே சுரண்டப் போகாதீர்கள், அடியில் ஓவியம் இருந்தால் அதுவும் போய்விடும்.

அப்புறம், பிள்ளைகளுக்கு வரைய ஆசை என்றால் மாலையில் மண்டபத்தில் செம்மண்ணைச் சலித்துப் பசை விட்டுக் குழைத்து, வீடு கட்டி மிஞ்சிய கல்பலகையில் வரையட்டும். அந்தப் பலகையில் உளியால் செதுக்குகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். செதுக்க ஆசை என்று ஆற்றோரப் பாறையில் உளி வைக்கக்கூடாது. வருகிறவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள்.