வசம்பு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள்

மாட்டுங்கா, மும்பை
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் அம்மா சாப்பாட்டு விவரம் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. "அங்கே நீ என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று போன வாரம் நீங்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

தொண்டு நிறுவனங்களுக்கு எழுதித் தருகிறேன், அப்பா. ஆண்டறிக்கை, நிதி கேட்கும் விண்ணப்பம், நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், கொடுத்த பணத்தால் யார் வீட்டில் என்ன மாறியது என்று சொல்லும் ஒரு பக்கக் கட்டுரை. இதையே நிரந்தர வேலையாகப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். சின்ன நிறுவனங்களுக்கு அது பெரிய சுமை. வெளிநாட்டு நிதியில் பாதி வரைக்கும் நிர்வாகச் செலவுக்கு எடுக்கலாம் என்றிருந்ததை, 2020இல் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் எழுத்துக்கென்று ஓர் ஆளை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறோம். 10 சதவீதத்தை வருமான வரிக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஏப்ரலில் முடித்துக்கொடுத்த ஒரு வேலைக்கு இன்னும் பணம் வரவில்லை. அங்கே ஊழியர்களுக்கே சம்பளம் தாமதம் என்று தெரிந்ததால் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் இரண்டு முறை கேட்டுவிட்டேன், வாடகை காத்திருக்காதே.

விவசாயம் போல இதற்கும் பருவம் உண்டு. மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதால் கம்பெனிகளும், வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்களும் ஆண்டின் கடைசியில்தான் அவசரப்படுவார்கள். பிப்ரவரியும் மார்ச்சும் எனக்குத் தூக்கம் கிடையாது. மழைக்காலம் ஆண்டறிக்கைக்கு உரியது. தணிக்கை அறிக்கையைச் செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதையொட்டி இதையும் கேட்பார்கள். இப்போது என் மேஜையில் மூன்று கிடக்கின்றன.

வாரத்தில் இரண்டு நாள் தெற்கு மும்பைக்கு ரயிலில் போகிறேன். பெண்கள் பெட்டியில் ஏறியதும் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இறங்குவீர்கள்?" இறங்குகிறவரின் இடத்தை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வார்கள். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவருக்கு விளிம்பில் இடம் கொடுப்பது எழுதாத சட்டம். மாலையில் வீடு திரும்பும் பெண்கள் மடியில் பையை விரித்து அவரைக்காய் நறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள். நான் நின்றுகொண்டே படிப்பேன். கையில் புத்தகம் இருந்தால் எப்படியும் ஒருவர் சற்று நகர்ந்து வெளிச்சம் விடுகிறார்.

அங்கே காலா கோடா என்ற பகுதியில் டேவிட் சசூன் நூலகம் இருக்கிறது. 1870இல் கட்டிய கட்டடம். மாடி வராந்தாவில் கைநீண்ட சாய்வு நாற்காலிகள், பின்னால் ஒரு தோட்டம். கணக்குப் புள்ளிகளோடு மல்லுக்கட்டி அலுத்தால் அங்கே போய் ஏதாவது படிப்பேன். நான் குடியிருக்கும் மாட்டுங்காவின் கதையைக்கூட அப்படிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1896இல் பிளேக் வந்து ஊரை உலுக்கிய பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தி, நெரிசலைக் குறைக்க வடக்கே அகலத் தெருக்களோடு புதுப்பகுதிகளை அமைத்தார்களாம். அதில் ஒன்று மாட்டுங்கா. நம்மவர்கள் வந்து கோயிலும் காபிக் கடையும் வைத்தது அதற்குப் பிறகு.

இங்கிருந்து நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிய இடம். சில சந்துகளில் கடைப் பலகை, கோயில், பேச்சு எல்லாம் தமிழ்தான். சென்ற மாதம் அங்கே இட்லி அவித்து விற்கும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். (பெயர் உங்களுக்குக்கூட எழுதவில்லை, அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளவில்லை.) ஒரு நிறுவனம் அவருக்குக் கிரைண்டர் வாங்கக் கடன் கொடுத்திருந்தது. "எந்த ஊர்ப் பிள்ளை?" என்றுதான் தொடங்கினார். இரவு மூன்று மணிக்கு அடுப்பு. ஈரத்துணி விரித்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைக்கிறார். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, மேலே ஒரு கை தண்ணீர் தெளித்துத் துணியை உரிக்கிறார். ஓர் இட்லிகூடப் பிய்யவில்லை. ஆறு மணிக்கு மருமகன் ரப்பர் ஹாரன் கட்டிய சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்.

எழுதியதை அனுப்புவதற்கு முன் அவரிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். நிறுவனம் கொடுத்த குறிப்பில் இருந்தபடி "வறுமையில் வாடிய ஆதரவற்ற விதவை" என்று ஆரம்பித்திருந்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார். "ஆதரவற்றவள் என்று யார் சொன்னது? என் நாத்தனார் இருக்கிறாள், பக்கத்து வீட்டு மராட்டிக்காரி இருக்கிறாள். பதினெட்டு மாதத்தில் கடனை அடைத்தேன், ஒரு தவணை தப்பவில்லை. அதை எழுது." அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை அடித்து நீக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அப்பா. நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டத்தானே என்று நினைத்து, ஒருவருடைய மானத்தை இரண்டு சொல்லில் எடுத்திருக்கிறேன்.

படித்ததும் மனம் இளகாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று நிறுவனத்தில் கேட்டார்கள். மூன்று மணி அடுப்பிலிருந்தும் தப்பாத தவணையிலிருந்தும் மறுபடி எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். முகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்ததால், துணியை உரிக்கும் அந்தக் கைகளை மட்டும் எடுத்தோம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் என்றால் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்றிரவு உங்கள் கிளை நூலகம் நினைவுக்கு வந்தது. காப்புத்தொகை கட்ட முடியாத ஒரு பையனுக்கு நீங்களே பணம் கட்டி உறுப்பினர் அட்டை கொடுத்ததை, பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். யார் அவன் என்று எத்தனையோ முறை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. பேப்பர் படிக்க மட்டும் வருகிறவரையும் "வாசகர்" என்றுதான் சொல்வீர்கள். எங்கள் அறிக்கைகளில் "பயனாளிகள்" என்று எழுதச் சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே இல்லை. முடிந்த இடத்திலெல்லாம் தையல்காரர், மாணவி, இட்லி விற்பவர் என்று மாற்றி எழுதிவிடுகிறேன்.

புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டிலுக்கடியில் செங்கல் வைத்துப் பலகைமேல் அடுக்கியிருக்கிறேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கியவை மட்டும் நாற்பது சேர்ந்துவிட்டன. ஜூனில் தொடங்கிய மழை இன்னும் ஓயவில்லை. அட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து மின்விசிறிக்கடியில் விரித்து வைக்கிறேன். விநாயகர் சதுர்த்திக்கு முன் பெரியப்பா மகன் வருகிறானாம். அவனிடம் நீங்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பீரோவில் போடுவீர்களே அந்த வசம்பு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பொடித்து அனுப்பினால் வழியிலேயே நமுத்துவிடும். முழுசாகவே போதும், இங்கே இடித்துக்கொள்கிறேன்.

அன்பு மகள்