பச்சிலைய நாங்க வைக்கிற மாதிரியே வச்சு சோதிங்க, சயா

யாங்கோன் மருத்துவ ஆராய்ச்சித் துறையிலயும் மாண்டலே பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழகத்துலயும் இருக்குற சயா, சயாமா (நம்ம ஐயா, அம்மா மாதிரி) எல்லாருக்கும் வணக்கம், பர்மீஸ்ல மிங்கலாபா. காயத்துக்கு நாங்க வைக்கிற பச்சிலைய சோதிங்கன்னு கேக்குற இந்தக் கடிதத்த பர்மீஸ்லயும் எழுதித் தரத்தான் போறேன், ஆனா மொதல்ல தமிழ்ல போடுறேன், நம்ம ஆளுங்க படிச்சிட்டு என்கிட்ட சண்டை போட்டு முடிக்கட்டும், அப்புறம் உங்ககிட்ட வரேன்.

மியான்மர்ல எங்க மோல்மேன் பக்கம் அறுப்பு நேரத்துல கருக்கருவா விரல்ல இழுத்துருச்சுன்னா யாரும் கிளினிக்குக்கு ஓடுறதில்ல. வரப்போரத்துல பீஸாட்ங்கிற பச்சிலைச் செடி காடா நிக்குது, நாலு கொழுந்த ஒடிச்சு உள்ளங்கையில வச்சுக் கசக்கி, சாறு சொட்டச் சொட்ட வெட்டுவாயில பிழிஞ்சு, சக்கைய மேல அப்பி, பழைய லோஞ்சி (கைலி) கிழிசல்ல ஒரு கட்டு, சுள்ளுன்னு எரியும், ரத்தம் நிக்கும், ஆளு மறுபடி அறுக்கப் போயிருவாரு. இத நாங்க எல்லாரும் பாத்ததுதான். இதப் போயி சோதிக்கணுமான்னு கேட்டா பெரியவங்க "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு"ம்பாங்க. புண்ணு தெரியுது சரி, எது ஆத்துச்சுன்னு தெரியுதா? சின்ன வெட்டுக்காயம் சுத்தமா இருந்தா இலை வச்சாலும் ஆறும், வைக்காட்டியும் ஆறும், பேரு மட்டும் இலைக்குப் போயிருது.

இதுல இன்னொரு கூத்து, இந்த பீஸாட்ட சித்தர் காலத்து மூலிகைன்னு சத்தியம் பண்றவங்க இருக்காங்க. அது அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க, 19ஆம் நூற்றாண்டுல கல்கத்தா தாவரவியல் பூங்கா வழியா இந்தப் பக்கம் பரவுனதுன்னு சொல்றாங்க. தமிழ்நாட்டுல வெட்டுக்காயப் பூண்டுங்கிறோமே, அதுவும் அந்தக் கண்டத்துலேர்ந்து வந்ததுதான். வந்ததுனால மட்டமில்ல. பீஸாட் இலைச்சாரத்த வியட்நாம்ல தீக்காயத்துக்கும் சதைக்காயத்துக்கும் வச்சாங்க, லேப்ல பாத்தப்ப தோலு நார் பின்னுற செல்லுங்க நல்லா பெருகுச்சு, ரத்தம் சீக்கிரம் உறையவும் உதவுச்சு. அதே செடியில ஈரலைக் கெடுக்கக்கூடிய ஆல்கலாய்டுங்கிற நச்சுப்பொருளும் இருக்கு, குறிப்பா பூவுல, அதனால காயத்துக்கு வைக்கிறாங்களேன்னு கஷாயம் போட்டுக் குடிக்காதீங்கன்னு எங்க ஆளுங்களுக்கு இங்கயே சொல்லி வச்சிக்கிறேன்.

இப்ப சயா, உங்ககிட்ட கேக்குறது இதுதான். இந்த மாதிரி ஆராய்ச்சி உலகத்துல எங்க நடந்தாலும் பெரும்பாலும் இலையக் காயவச்சு ஆல்கஹால்ல ஊறவச்சு சாரம் எடுத்து எலி முதுகுல தடவுறாங்க. நாங்க யாரும் ஆல்கஹால்ல ஊறவைக்கிறதில்ல, எங்களுது பச்சை இலை, கழுவாத கை, சில பேரு மென்னு துப்பி வைக்கிறதும் உண்டு. எலிக்கு தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு சதை இருக்கு, அது புண்ண சுருக்குப்பை வாய் மாதிரி இழுத்து மூடிரும், நமக்கு அப்படியில்ல, புதுச்சதை வளந்து மேல தோலு ஊர்ந்து வரணும். எலியில ரெண்டு நாள் முன்னாடி மூடுச்சுன்னா அது எங்க விரலுக்கு என்ன சேதி? அதனால ஆளுங்க மேலயே, சம்மதம் வாங்கி, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணியில கழுவி வெறுங்கட்டு, மிச்சப் பேருக்கு அதே மாதிரி கழுவி இலைச்சாறு வச்ச கட்டு, எது யாருக்குன்னு சீட்டு குலுக்கிப் போட்டு, ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து, எந்தக் கட்டுன்னு தெரியாத ஒருத்தர் அளக்கட்டும். சீழ் பிடிச்சவங்க எத்தனை பேருன்னும் எண்ணுங்க, அதுதான் எனக்கு முக்கியம், ஏன்னா இலையோட மண்ணும் உள்ள போகுது, மண்ணுல டெட்டனஸ் கிருமி இருக்கு.

சர்க்கரை நோயாளி கால் புண்ணத் தனியா வையுங்க. அங்க பல பேருக்கு உணர்ச்சியே இருக்காது, ரத்த ஓட்டமும் கம்மியா இருக்கும், இலை வச்சு "ஆறுது ஆறுது"ன்னு இருந்து கடைசில விரலை எடுக்குறாங்க. அதுக்கு இலை வைக்கலாமா கூடாதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா சனங்க கேப்பாங்க, நான் சொன்னா "இவன் இங்கிலீஷ் மருந்துக்காரன்"ம்பாங்க.

வல்லாரையக் கொஞ்சம் பாருங்க, நீங்க மியின்குவாங்கிறீங்களே அது. மடகாஸ்கர்ல சனங்க புண்ணுக்குப் போட்டத பாத்து அதுலேர்ந்து ஆசியாட்டிகோசைடுன்னு ஒரு பொருளப் பிரிச்சு, தோலுக்குப் பலம் குடுக்குற கொலாஜன்ங்கிற நார் கூடுதான்னு பாத்து, மடெகாசோல்னு களிம்பாவே ஆக்கிட்டாங்க. நம்ம கடைத்தெருவுல அது இன்னும் தௌக்குங்கிற பர்மீஸ் சாலட்டுக்குத்தான் போகுது, ருசியா இருக்கு அது வேற விஷயம்.

நாட்டு வைத்தியர் அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒண்ணு. ரகசியம் வெளிய போயிரும்னு பயப்படுறீங்க, நியாயந்தான். ஆனா மஞ்சள் புண்ண ஆத்தும்னு 1995ல அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி காப்புரிமையே வாங்குச்சு, இந்தியாவோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர். எதுத்து நின்னு 1997ல அத ரத்து பண்ண வச்சுச்சு, எப்படி? பழைய ஏட்டுலயும் 1953ல வந்த ஒரு மருத்துவக் கட்டுரையிலயும் எழுதி இருந்துச்சு, அதைக் காட்டுனாங்க. எங்க பாட்டிக்குத் தெரியும்னு சொல்லி இருந்தா கேஸ் நின்னுருக்காது. எந்த இலை, கொழுந்தா முத்தலா, எந்த மாசம், எத்தனை நாள் கட்டு, வச்சும் ஆறாம போனது எது, அதையும் சேத்து எழுதுங்க, பேரு போட்டு தேதி போட்டு.

சயா, நவம்பர் டிசம்பர்ல வாங்க, அறுப்பு நடக்கும், காயத்துக்குப் பஞ்சமிருக்காது. எங்க கோயில் மண்டபத்துல மேஜை, லைட்டு, நல்ல தண்ணி எல்லாம் கேட்டு வாங்கித் தரேன், டெட்டனஸ் ஊசி மட்டும் மறக்காம பெட்டியோட கொண்டாந்துருங்க.