இரவுப் பணியில் இருந்த அந்த நர்ஸுக்கு

இதை நீங்கள் படிப்பீர்களா தெரியாது சிஸ்டர், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். மூச்சுத்திணறலுக்காக அப்பாவுக்குக் காலையில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள், மதியத்துக்கு மேல் சர்க்கரை 300-ஐத் தாண்டியது, வீட்டில் எல்லோரும் பதறினோம். அது ஸ்டீராய்டின் வேலை, காலையில் போட்டால் மாலையில்தான் உச்சத்துக்குப் போகும், விடியற்காலையில் தானாகவே இறங்கும் என்று நீங்கள்தான் பொறுமையாகச் சொன்னீர்கள்.

அன்று இரவு இன்சுலின் போட வந்த நீங்கள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தீர்கள். பாதிகூடச் சாப்பிடவில்லை. "எழுதியிருக்கிற அளவு முழுச் சாப்பாட்டுக்கு, கொஞ்சம் இருங்க" என்று டாக்டருக்குப் போன் செய்து, அவர் அளவைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் போட்டீர்கள். என்னைக் கேட்டால் வார்டில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை இதுதான், எண்ணை மட்டும் பார்க்காமல் ஆள் சாப்பிட்டாரா என்று பார்ப்பது.

அப்படியும் விடிவதற்கு முன் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. விரலின் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்திப் பார்த்தீர்கள், சர்க்கரை 62-க்கு இறங்கியிருந்தது. உடனே 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, நகராமல் நின்று, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தீர்கள், 98. அப்புறம்தான் அடுத்த கட்டிலுக்குப் போனீர்கள்.

அப்பா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். ரொம்ப நன்றி சிஸ்டர்.