மைனஸ் இருபது டிகிரி சர்பத்

பயிற்சி மையத்தின் இயற்பியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆபீஸ் ரூம் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவன் நான்தான். பெரம்பூரில் சர்பத் கடை வைத்திருக்கிறேன். மகள் நீட் பயிற்சிக்காக அண்ணா நகர் வரை பஸ்ஸில் வந்து போகிறாள். எந்தக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

40 டிகிரித் தண்ணீர் 100 கிராம். அதில் 0 டிகிரி ஐஸ் 100 கிராம். கடைசியில் வெப்பநிலை என்ன? மகள் 0 என்று குறித்தாள். உங்கள் ஆன்சர் கீயில் −20. நாலு மார்க் போனது போதாதென்று, தப்புக்கு ஒரு மார்க் மைனஸ் வேறு.

ராத்திரி பதினோரு மணிக்கு நோட்டை விரித்து எனக்குப் புரியவைத்தாள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி இறங்கினால் 4.2 ஜூல் வெப்பம் வெளியே வரும். 100 கிராமும் 40 டிகிரி இறங்கினால் மொத்தம் 16,800. ஐஸ் உருகக் கிராமுக்கு 336 ஜூல். முழுக்க உருக 33,600 வேண்டும். இருப்பதோ அதில் பாதி. அதனால் 50 கிராம் உருகும், மீதி மிதக்கும், டிகிரி 0-லேயே நிற்கும். எல்லா ஐஸும் உருகிவிட்டதாக வைத்துக்கொண்டு போட்டால்தான் −20 வரும். உருகின தண்ணீர், ஐஸை விடக் குளிர்ச்சி!

"சார்கிட்ட கேட்டேன்பா. ஃபார்முலால போட்டா அதான் வரும், உக்காருன்னுட்டாரு."

தயவுசெய்து அந்தக் கீயைத் திருத்துங்கள்.

இல்லை, −20 சரிதான் என்றால் அந்த வித்தையை மே மாதத்துக்குள் எனக்கும் சொல்லிக்கொடுங்கள். ஃப்ரீசரை விற்றுவிடுகிறேன், கரண்ட் பில்லாவது மிச்சம். லிஃப்ட் கணக்குக்கு விசைப் படம் போட்டால் 'டைம் வேஸ்ட்' என்கிறீர்களாம். பிளஸ் சார்ஜுக்கும் அதே அளவு மைனஸ் சார்ஜுக்கும் நட்டநடுவில் மின்புலம் 'கேன்சல்' என்று ஷார்ட்கட் கொடுத்தீர்களாம். இரண்டு அம்புக்குறி போட்டுப் பார்த்தால் ரெண்டும் ஒரே பக்கம் போகிறது, கூடத்தான் செய்யும் என்கிறாள் இவள். 180 நிமிஷத்தில் 180 கேள்வி, அவசரம் புரிகிறது. அதற்காக யோசிக்கிறதையே விட்டுவிடச் சொன்னால் எப்படி? ஃபீஸ் பற்றியும் எழுத வந்தேன். வேண்டாம், இன்னொரு நாள்.

எனக்கு வலித்தது அந்த அஞ்சு மார்க் இல்லை. மறு டெஸ்ட்டில் அதே கணக்கு வந்தது. இந்தத் தடவை −20 என்று குறித்துவிட்டு வந்திருக்கிறாள். "தெரிஞ்சேவாம்மா?" என்றேன். "மார்க் வேணும்ல" என்றாள். தலை நிமிரவே இல்லை.

கீயைத் திருத்தி, அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள் ஐயா. தராசும் ஐஸும் என்னிடம் இருக்கின்றன. தெர்மாமீட்டர் மட்டும் எடுத்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
பெரம்பூர்.